கைக்குள்ள அடங்குற டார்ச்சும் தலையில மாட்டுற லைட்டும்: பிரியர்கள் கேக்குறது என்ன, கிடைக்காம இருக்குறது ஏன்

எங்க சித்தப்பா கன்னியாகுமரி மாவட்டத்துல கீரிப்பாறை பக்கம் ரப்பர் பால் வெட்டப் போறவரு. விடியக்காலம் மூணரைக்கெல்லாம் எந்திரிச்சு தலையில லைட்ட மாட்டிக்கிட்டு கத்தியோட கிளம்பிருவாரு, வெயில் ஏறுறதுக்கு முன்ன வெட்டினாத்தான் மரம் நல்லா பால் விடும். போன லீவுல ஊருக்குப் போனப்ப ஒரு நாள் நானும் கூடப் போனேன். முதல் மரத்துகிட்ட அவர் குனிஞ்சப்ப பாக்குறேன், லைட்டு கண்ணாடி மேல பால் பாக்கெட் கவர ஒரு துண்டு வெட்டி ரப்பர் பேண்ட் போட்டு கட்டி வச்சிருக்காரு. ஏன் சித்தப்பா இதுன்னு கேட்டேன். "இல்லாட்டி நடுவுல மட்டும் பளீர்னு அடிக்கும் மக்கா, வெட்டு எங்க போகுதுன்னே தெரியாது. கத்தி ஆழமா எறங்கிட்டா மரம் புண்ணாயிரும்லா"ன்னாரு. கவர கழட்டியும் காட்டுனாரு. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு நீலம் கலந்த ஒரு வெள்ளை வட்டம், அதுக்குள்ள பட்டையில இருக்குற கோடு ஒண்ணுமே தெரியல, வட்டத்துக்கு வெளிய கும்மிருட்டு. கவர திரும்ப மாட்டுனதும் மொத்த மரமும் அடியில கெடக்குற சருகும் சேர்ந்து தெரிஞ்சிது.

எனக்கு அப்ப ஒரு மாதிரி ஆயிட்டு, ஏன்னா உலகம் பூரா இருக்குற டார்ச் பிரியர்கள் பண்ற வேலையும் அச்சு அசல் இதேதான். டிசி-ஃபிக்ஸ்னு ஜெர்மன்காரங்க ஜன்னல் கண்ணாடிக்கு ஒட்டுற ஒரு மங்கலான ஸ்டிக்கர் விக்கிறாங்க, அத வட்டமா வெட்டி ஹெட்லேம்ப் லென்ஸ்ல ஒட்டிக்கிறது இந்த ஆர்வலர்கள்கிட்ட பல வருஷமா இருக்குற பழக்கம். காசு குடுத்து வாங்குன லைட்ட வீட்டுக்கு கொண்டு வந்து அவனவன் கையால சரி பண்ணிக்கிறான்னா, கம்பெனி செய்யுறதுக்கும் ஆளுக்கு வேண்டியதுக்கும் நடுவுல ஏதோ இடைவெளி இருக்குன்னுதானே அர்த்தம். அந்த இடைவெளி எங்க இருக்கு, அதுல எது கம்பெனி மனசு வச்சா நாளைக்கே சரியாகும், எது யாரு மனசு வச்சாலும் நடக்காதுங்குறத கொஞ்சம் நிதானமா பேசலாம்னுதான் இத எழுதுறேன். எனக்கு இந்தப் பைத்தியம் ஏழெட்டு வருஷமா உண்டு, வீட்டுல ஒரு டிராயர் பூரா டார்ச்தான்.

முதல்ல லூமன், அதாவது லைட்டு மொத்தமா வெளிய விடுற வெளிச்சத்தோட அளவு. டார்ச் வாங்கப் போற யாரும் முதல்ல பாக்குற நம்பர் அதுதான், கம்பெனிக்காரனும் அத நல்லா தெரிஞ்சு வச்சிருக்கான், அதனால டப்பா மேல பெருசா அதையே அச்சடிக்கிறான். அமெரிக்காவுல 2009ல ஆன்சி எஃப்எல்1னு ஒரு அளவுகோல் வந்துச்சு, அப்புறம் 2016லயும் 2019லயும் திருத்துனாங்க. அதுக்கு முன்னாடி ஆளாளுக்கு வாய்க்கு வந்த நம்பர போட்டுக்கிட்டு இருந்தாங்க, அந்த வகையில இது வந்தது பெரிய நல்ல காரியம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அதுக்குள்ள ஒரு ஓட்டை இருக்கு. லைட்ட போட்டு 30 செகண்டுல இருந்து 2 நிமிஷத்துக்குள்ள அளக்குற வெளிச்சத்த லூமன்னு போடலாம், அந்த வெளிச்சம் பத்துல ஒரு பங்கா குறையுற வரைக்கும் எவ்வளவு நேரம் ஆகுதோ அத ரன்டைம்னு போடலாம். இப்ப பாருங்க, 1000 லூமன்ல ஆரம்பிக்கிற ஒரு லைட்டு ரெண்டே நிமிஷத்துல சூடாகி 110 லூமனுக்கு எறங்கி அப்படியே பத்து மணி நேரம் ஓடுச்சுன்னா, டப்பால "1000 லூமன், 10 மணி நேரம்"னு போடலாம், அதுல பொய்யே கிடையாது! வாங்குறவனுக்கு கிடைக்குறது 110 லூமன் லைட்டு.

அதனாலதான் விஷயம் தெரிஞ்சவங்க லூமன கேக்குறதே இல்ல, கிராஃப கேக்குறாங்க. நேரம் போகப் போக வெளிச்சம் எப்படி எறங்குதுன்னு ஒரு கோடு, அத டப்பா பின்னாடி போடுங்கப்பான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. இது ஒரு ஆசையே கிடையாது, நியாயமான கோரிக்கை, செலவும் இல்ல. சில கம்பெனிங்க போடவும் செய்றாங்க.

சரி ஏன் எறங்குதுன்னு பாத்தா, சூடு. இன்னிக்கு இருக்குற நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமன் குடுக்கும்னு வச்சுக்கலாம், கொஞ்சம் கூட குறைய இருக்கும். அப்ப 1000 லூமனுக்கு 10 வாட் வேணும், அதுல பாதிக்கு மேல சூடாத்தான் வெளிய வருது. கட்டைவிரல் அளவு டார்ச்சுக்கு அத வெளிய தள்ள தோல் பரப்பு கிடையாது, ஃபேன் கிடையாது, கையில புடிச்சிருக்குற நம்மதான் அதுக்கு ரேடியேட்டர். என் அனுபவத்துல அந்த சைஸ் லைட்டு கை சுடாம தொடர்ந்து தாங்குறது 250, 300 லூமன், அதுக்கு மேல எந்த மந்திரம் போட்டாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான். இதுல டைட்டானியம் பாடி வேணும்னு கேக்குறவங்கள பாத்தா எனக்கு கொஞ்சம் வருத்தம், அழகா இருக்கும், துருப்பிடிக்காது, எல்லாம் சரி, ஆனா டார்ச் பாடிக்கு வழக்கமா போடுற 6061 அலுமினியம் சூட்ட கடத்துறது 167ன்னா டைட்டானியம் கலப்பு கடத்துறது 7 தான், செம்புக்கு 400 கிட்ட. அதாவது டைட்டானியம் லைட்டுல எல்இடி உள்ள வெந்துகிட்டு இருக்கும், வெளிய தொட்டா ஜில்லுனு இருக்கும்.

இன்னொன்னும் சொல்லணும். நம்ம கண்ணு வெளிச்சத்த நேர் கணக்குல பாக்குறது கிடையாது, ரெண்டு மடங்கு பிரகாசமா தெரியணும்னா ஏறக்குறைய நாலு மடங்கு லூமன் வேணும். 500 லூமனுக்கும் 700 லூமனுக்கும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தாத்தான் வித்தியாசமே தெரியும். தூரமும் அப்படித்தான், எஃப்எல்1 கணக்குல "200 மீட்டர்"னு போட்டா அந்த 200 மீட்டர்ல விழுற வெளிச்சம் 0.25 லக்ஸ், பௌர்ணமி நிலா அளவு. அத 400 மீட்டராக்கணும்னா பீமோட தீவிரம் நாலு மடங்காகணும். அந்த 200 லூமன் வித்தியாசத்துக்காக பேட்டரிய காலி பண்றத விட கலர்ல கவனம் வச்சா எவ்வளவோ பிரயோஜனம், இத நான் எங்க வேணா நின்னு சொல்லுவேன்.

கலர்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு கொஞ்சம் பின்னாடி போகணும். ஜப்பான்ல தொகுஷிமா பக்கம் நிச்சியான்னு ஒரு கம்பெனி, அங்க வேலை பாத்த ஷுஜி நகமுரா 1993ல பிரகாசமான நீல எல்இடிய செஞ்சு காட்டுனாரு, அதுக்கு 2014ல இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோவோட சேர்த்து நோபல் பரிசு குடுத்தாங்க. அந்த நீலத்து மேல மஞ்சளா ஒளிரும் ஒரு பாஸ்பர் பூச்ச பூசுனா நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையா தெரியும், 1996ல நிச்சியா கொண்டு வந்த வெள்ளை எல்இடி இதுதான், இன்னிக்கு உங்க ஃபோன்ல இருக்குறதும் சித்தப்பா தலையில இருந்ததும் இதே வழிதான். பிரச்சனை என்னன்னா நீலம் இருக்கு, மஞ்சள் இருக்கு, சிவப்பு ரொம்ப கம்மி. விளக்கு வெளிச்சத்துல நிறம் எவ்வளவு உண்மையா தெரியுதுன்னு அளக்குற சிஆர்ஐங்குற மார்க்கு கூட எட்டு வெளிர் நிறங்கள மட்டும் வச்சு சராசரி போடுறது, அடர் சிவப்பான ஆர்9 அந்த எட்டுல கிடையாது. சாதாரண 70 சிஆர்ஐ எல்இடில ஆர்9 மைனஸ்லயே போகும்.

இதெல்லாம் லேபுல பேசுற பேச்சுன்னு நெனைக்காதீங்க. வீட்டுல மெயின் போர்டு திறந்து நீலம் கலந்த வெள்ளை லைட்டுல பாத்தா பிரவுன் வயரும் சிவப்பு வயரும் ஒண்ணு போல தெரியும், நான் ஒரு தடவ தடுமாறி நின்னிருக்கேன். காய்ஞ்ச சருகு மேல கண்ணாடி விரியன் சுருண்டு கெடந்தா அந்த மாதிரி லைட்டுல எல்லாமே ஒரே சாம்பல் நிறம், 90க்கு மேல சிஆர்ஐ இருக்குற லைட்ட அடிச்சா சருகோட பழுப்பு வேற, பாம்போட பழுப்பு வேறன்னு பிரிஞ்சு தெரியும். ராத்திரி வரப்புல நடக்குறவனுக்கு இதுக்கு மேல என்ன வேணும் சொல்லுங்க. அதனாலதான் பிரியர்கள் "நிச்சியா 519ஏ போடு", "4000, 4500 கெல்வின் போடு"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. 519ஏங்குறது நிறத்த நல்லா காட்டுற ஒரு எல்இடி, கெல்வின்ங்குறது வெள்ளையோட சாயல சொல்ற நம்பர், குறைஞ்சா மஞ்சள் பக்கம், கூடுனா நீலம் பக்கம். கம்பெனிங்க 6500 கெல்வின விடாம புடிச்சுக்கிட்டு இருக்குறதுக்கு ஒரே காரணம், அதுல அதே கரண்டுக்கு லூமன் கூட வரும், டப்பா மேல பெரிய நம்பர் போடலாம்.

அதுலயும் இன்னொரு நுணுக்கம் இருக்கு, கெல்வின் ஒண்ணா இருந்தாலும் சில லைட்டு பச்சை அடிக்கும், சில லைட்டு லேசா ரோஸ் அடிக்கும். இத டியூவின்னு ஒரு நம்பரால சொல்லுவாங்க, பிளஸ்னா பச்சை பக்கம், மைனஸ்னா ரோஸ் பக்கம். பச்சை அடிக்கிற லைட்ட சோத்து மேல அடிச்சுப் பாருங்க, சாப்பிடத் தோணாது. பிரியர்கள் இதுக்கும் ஒரு கைவைத்தியம் வச்சிருக்காங்க. 519ஏ எல்இடி மேல கடுகு சைஸ்ல ஒரு சிலிக்கோன் குமிழ் இருக்கும், லைட்ட திறந்து அந்தக் குமிழ நகத்தாலயோ பிளேடாலயோ மெதுவா நெம்பி எடுத்துருவாங்க. எடுத்ததும் வெளிச்சம் கொஞ்சம் குறையும், ஆனா 5700 கெல்வின் எல்இடி ஆயிரம் கெல்வினுக்கு மேல எறங்கி வெதுவெதுப்பாகும், டியூவியும் மைனஸ் பக்கம் போகும், பீமும் இன்னும் தூரம் பாயும். கை கொஞ்சம் நடுங்குனா எல்இடி போச்சு. நான் மூணு எடுத்திருக்கேன், அதுல ஒண்ணு போயிருச்சு. இவ்வளவு ரிஸ்க் எடுத்து ஆளுங்க பண்றாங்கன்னா அப்படியே ஃபேக்டரியில இருந்து வந்தா எவ்வளவு பேரு வாங்குவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க, இப்ப சில சின்ன கம்பெனிங்க ஆர்டர் பண்ணும்போதே குமிழ் எடுத்தது வேணுமான்னு கேக்குறாங்க.

அடுத்தது பேட்டரி, சைஸுங்குற சண்டையே இங்கதான். நம்ம ஊர்ல பெரிய கட்டை பேட்டரி ரெண்டோ மூணோ போட்ட லைட்டுதான் அப்பா காலத்துல, "மூணு பேட்டரி லைட்டு"ன்னா அந்த வீட்டுக்கே ஒரு மரியாதை. இப்ப லித்தியம் அயன் செல்லோட பேரே அதோட அளவுதான், 18650ன்னா 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், 21700ன்னா 21க்கு 70, 14500ன்னா 14க்கு 50, இது நம்ம சுவர் கடிகாரத்துக்கு போடுற டபுள் ஏ சைஸ்தான். நல்ல 18650ல 3500 மில்லி ஆம்பியர் ஹவர், அதாவது 12.6 வாட் ஹவர் நிக்கும், 21700ல 5000, அதாவது 18 வாட் ஹவர், 14500ல 900 கிட்ட, 3.3 வாட் ஹவர்தான். முன்னாடி சொன்ன கணக்க போடுங்க, 300 லூமனுக்கு 3 வாட், அப்ப 14500 ஒரு மணி நேரம், 18650 நாலு மணி நேரம், 21700 ஆறு மணி நேரம். "சட்டை பாக்கெட்டுல தெரியாத சைஸ்ல வேணும், ராத்திரி பூரா 500 லூமன் வேணும்"னு கேக்குறவங்களுக்கு பதில் இந்த கணக்குதான், எந்த கம்பெனியையும் திட்டி பிரயோஜனம் இல்ல, அந்த டப்பாக்குள்ள அவ்வளவு சரக்கு அடங்காது.

ஆனாலும் 14500 மேல இப்ப எல்லாருக்கும் ஒரு தனிப் பிரியம், எனக்கும் உண்டு. செல் 20 கிராம் கிட்ட, 18650 50 கிராம் கிட்ட, பாக்கெட்டுல போட்டா அந்த வித்தியாசம் நல்லா தெரியும். அதோட பெரிய வசதி, அதே லைட்டுல கடையில கிடைக்குற டபுள் ஏ செல்லையும் போட முடிஞ்சா புயல் அடிச்சு நாலு நாள் கரண்டு இல்லாதப்ப பெட்டிக்கடையில பேட்டரி வாங்கி லைட்டு போடலாம். ஓகி புயலப்ப எங்க பக்கம் எத்தன நாளு கரண்டு இல்லாம இருந்தோம்னு எங்க ஊர்க்காரங்களுக்கு தெரியும், சார்ஜ் போடுற லைட்டு எல்லாம் ரெண்டாவது நாளே கண்ண மூடிருச்சு. ஆனா இதுல ஒரு சிக்கல், டபுள் ஏ 1.5 வோல்ட்டு, சார்ஜ் போடுற வகைன்னா 1.2, எல்இடிக்கு 3 வோல்ட்டு வேணும், அதனால வோல்ட்ட ஏத்திக் குடுக்குற பூஸ்ட் சர்க்யூட் அந்த குட்டி பாடிக்குள்ள அடங்கணும். விலை கம்மியா வர்ற லைட்டுங்கள்ல அது இருக்காது, செல்லுல இருந்து நேரா எடுத்து மிச்ச வோல்ட்ட சூடா வீணாக்குற லீனியர் டிரைவர்ங்குற சர்க்யூட்தான் இருக்கும். செல் 4.1 வோல்ட்டுல நிக்குது, எல்இடி கேக்குறது 3.1, மூணு ஆம்பியர் ஓடுதுன்னா ஒரு வோல்ட்டு வித்தியாசத்துக்கு 3 வாட் சும்மா சூடாப் போகுது. ஏற்கனவே சூடு தாங்காத பாடியில இது வேற. எமிசார் டி3ஏஏ மாதிரி லைட்டு வந்தப்ப ஆர்வலர்கள் அவ்வளவு கொண்டாடுனதுக்கு காரணமே இதுதான், டபுள் ஏ, 14500 ரெண்டையும் ஏத்துக்குற பூஸ்ட் டிரைவர அந்த சைஸுக்குள்ள வச்சிருந்தாங்க.

சார்ஜிங் பத்தி பேச ஆரம்பிச்சா எனக்கு கோவம் வந்துரும். சில கம்பெனிங்க அவங்களே ஒரு காந்த கேபிள் செஞ்சு வச்சிருக்காங்க, அந்த கேபிள் தொலைஞ்சா டார்ச் செத்த மாதிரி. சரி டைப் சி வச்சிருக்கான்னு நம்பி வாங்குனா அங்க வேற கூத்து. நான் வாங்குன ஒரு ஹெட்லேம்ப், டைப் சி ஓட்டை அழகா இருக்கு, ஃபோன் சார்ஜர்ல போட்டா சார்ஜ் ஏறவே இல்ல. ரெண்டு பக்கமும் டைப் சி இருக்குற கேபிள்ல ஏறாது, பழைய பட்டை யூஎஸ்பி கேபிள்ல மட்டும் ஏறுது. திறந்து பாத்தேன், ஓட்டைக்கு பின்னாடி இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ரெண்டையும் காணோம். டைப் சி சார்ஜர் எதிர்ல யாராவது இருக்கான்னு அந்த ரெசிஸ்டர வச்சுத்தான் கண்டுபிடிக்கும், இல்லாட்டி கரண்டே விடாது, பழைய யூஎஸ்பி போர்ட்டு அப்படி கேக்காது, எப்பவும் 5 வோல்ட்டு விட்டுக்கிட்டே இருக்கும், அதான் அதுல ஏறுது. எறும்பு தலை சைஸ்ல ரெண்டு ரெசிஸ்டர், காசு கணக்குல சேராத பொருள், அத மிச்சம் புடிச்சதால ட்ரெக்கிங் போன எடத்துல நண்பனோட சார்ஜர் கையில இருந்தும் லைட்டு இருட்டா கெடந்துச்சு.

ஐரோப்பிய யூனியன் 2024 டிசம்பர் 28ல இருந்து ஃபோன், டேப்லெட், கேமரா, ஹெட்ஃபோன்னு பல சாமானுக்கு டைப் சி கட்டாயம்னு கொண்டு வந்தாங்க, அந்த லிஸ்ட்ல டார்ச் இல்ல. ஆனா அவங்களோட இன்னொரு பேட்டரி சட்டம் 2027 பிப்ரவரி 18ல இருந்து சின்ன சாமான்ல இருக்குற பேட்டரிய வாங்குனவனே கழட்டி மாத்துற மாதிரி இருக்கணும்னு சொல்லுது, தண்ணில பொழங்குற சில சாமானுக்கு மட்டும் விலக்கு உண்டு. பிரியர்கள் பல வருஷமா கேக்குறதும் அதுதான். பேட்டரிய உள்ள வச்சு பசை போட்டு மூடுற ஹெட்லேம்ப் ரெண்டு மூணு வருஷத்துல பேட்டரி தளர்ந்ததும் குப்பைக்கு போகுது, எல்இடி இன்னும் பல ஆயிரம் மணி நேரம் ஓடும், பாடில ஒரு கீறல் இருக்காது, ஆனா குப்பை. 18650 மாதிரி பொதுவான செல்லா இருந்தா செல்ல மட்டும் மாத்திட்டு பத்து வருஷம் ஓட்டலாம்.

பட்டன். இத வெளிய யாரும் பெருசா நெனைக்க மாட்டாங்க, ஆனா தினமும் லைட்டு பொழங்குறவனுக்கு பாதி சந்தோஷமும் பாதி எரிச்சலும் இங்கதான். ராத்திரி ரெண்டு மணிக்கு கொழந்த அழுதுன்னு லைட்ட போட்டா 1000 லூமன் முகத்துல அடிச்சா எப்படி இருக்கும். ஒரு லூமனுக்கும் கீழ, சாமி ரூம்ல எரியுற விளக்க விட கம்மியா ஒரு வெளிச்சம் இருக்கு, மூன்லைட் மோடுன்னு சொல்லுவாங்க, இருட்டுக்கு பழகுன கண்ணுக்கு அதுவே தாராளம். அது நேரடியா வரணும், ஹை, லோ, மினுக்குறது எல்லாத்தையும் சுத்திட்டு வரக்கூடாது. ஆண்டுரில்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கு, ஆர்வலர்களே எழுதி ஆர்வலர்களே வளர்த்தது, 2019ல லுமின்டாப் கம்பெனி செஞ்ச எஃப்டபிள்யூ3ஏ மாதிரி ஆர்வலர்கள் டிசைன் பண்ணுன லைட்டுல எல்லாம் அதுதான் ஓடுது. அமுக்கிப் புடிச்சா மிக மெல்லிசுல ஆரம்பிச்சு மெதுவா ஏறும், கைய எடுத்தா அங்கேயே நிக்கும். புது வெர்ஷன்ல மூணு தடவ அமுக்குனா பேட்டரி வோல்ட்ட மினுக்கி சொல்லும், நாலு மினுக்கு, ஒரு இடைவெளி, ஒரு மினுக்குன்னா 4.1 வோல்ட்டு. நாலு தடவ அமுக்குனா பூட்டிக்கும். மெழுகுவத்தி மாதிரி ஆடி ஆடி எரியுற மோடு கூட உண்டு, கரண்டு போன ராத்திரில அத போட்டு வச்சுட்டு எங்க அம்மாகிட்ட கதை பேசிக்கிட்டு இருந்திருக்கேன்.

அந்த பூட்டு ஏன் முக்கியம்னு எனக்கு பட்டுத்தான் தெரியும். பேக்குக்குள்ள டார்ச் தானா அமுங்கி எரிய ஆரம்பிச்சு, நான் பஸ்ல தூங்கிட்டு வர்றேன், ஏதோ பொசுங்குற வாடை, திறந்து பாத்தா துண்டுல ஒரு ரூபா அளவுக்கு ஓட்டை. அந்த டார்ச்ல பூட்டுற வசதியே இல்ல. எலக்ட்ரானிக் பட்டன்ல இன்னொரு சின்ன விஷயம், அணைச்சு வச்சிருந்தாலும் எப்ப அமுக்குவாங்கன்னு உள்ள ஒரு சிப்பு முழிச்சுக்கிட்டே இருக்கும், அதுக்கு கரண்டு வேணும். 50 மைக்ரோ ஆம்பியர்னு வச்சுக்குங்க, ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும், ஆனா ஒரு வருஷத்துக்கு 438 மில்லி ஆம்பியர் ஹவர், 14500 செல்லுல பாதி. வண்டி டேஷ்போர்டுல அவசரத்துக்குன்னு போட்டு வச்சிருக்குற லைட்டு அவசரத்துக்கு எரியாம போறது இப்படித்தான். வால் மூடிய கால் சுத்து திருப்பி வச்சா போதும், பல லைட்டுல தொடர்பு அறுந்துரும்.

இப்ப ஹெட்லேம்ப். 1973ல ஃபெர்னான் பெட்ஸல்னு பிரான்ஸ்காரர், குகைக்குள்ள எறங்குற பழக்கம் உள்ளவரு, தலையிலயே மொத்தமும் இருக்குற மாதிரி லைட்ட கொண்டு வந்தாரு, அப்புறம் 2000ல அவங்க கம்பெனி டிக்கான்னு மூணு எல்இடி, மூணு சின்ன ட்ரிபிள் ஏ செல்லோட ஒரு குட்டி ஹெட்லேம்ப் விட்டாங்க, மலையேறுறவங்க மத்தியில அதுதான் ஒரு திருப்பம். அதுக்கப்புறம் பிரியர்கள் ரெண்டு கட்சியா பிரிஞ்சாங்கன்னு சொல்லலாம். ஓடுறவங்க, மலையேறுறவங்க, கிராம் கணக்கு பாக்குறவங்க, எவ்வளவு லேசா இருக்கோ அவ்வளவு நல்லதுன்னு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஆங்கிள் லைட்டுன்னு சொல்ற வகை, 18650 செல் படுத்துக் கெடக்கும், பக்கவாட்டுல எல்இடி, பட்டையில இருந்து உருவுனா கை டார்ச், அடியில காந்தம் இருந்தா வண்டி பானட்ல ஒட்டிக்கலாம். நான் இந்தக் கட்சி. எடை நூறு கிராமுக்கு மேலதான் வரும், அத ஒத்துக்குறேன், ஆனா ஒரே லைட்ட பத்து விதமா பொழங்கலாம்.

ஹெட்லேம்ப் கையில புடிக்கிற டார்ச் மாதிரி கிடையாதுங்குறத டிசைன் பண்றவங்க பல பேரு இன்னும் மனசுல வாங்கல. தலையில மாட்டுனவனுக்கு வேலை நடக்குறது ஒரு முழம் தூரத்துல, அங்க குவிஞ்ச பீம் அடிச்சா கண்ணு கூசி கண்பாப்பா சுருங்கி சுத்தி இருக்குறது எதுவும் தெரியாம போயிரும். பனி நேரத்துல இன்னும் மோசம், கண்ணுக்கு பக்கத்துலயே லைட்டு இருக்குறதால நம்ம மூச்சுக்காத்தே வெள்ளை சுவரா நிக்கும். அதனால கண்ணு போற எடமெல்லாம் ஒரே சீரா பரவுற ஃபிளட் வேணும், நடுவுல குவியமே இல்லாம, கூடவே தூரம் பாக்க தனியா ஒரு ஸ்பாட், அதுக்கு தனி பட்டன், ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய் தேடக்கூடாது. சிவப்பு லைட்டும் கேக்குறாங்க, இருட்டுக்கு கண்ணு முழுசா பழக 20ல இருந்து 30 நிமிஷம் ஆகும், மங்கலான அடர் சிவப்பு அந்த பழக்கத்த அவ்வளவா கெடுக்காது, வானம் பாக்குறவங்களுக்கு அது உயிர். ஆனா நான் பாத்த பல ஹெட்லேம்ப்ல அந்த சிவப்பு தேவைக்கு மேல பிரகாசமா, குறைக்கவே முடியாத மாதிரி வச்சிருக்காங்க, அப்புறம் சிவப்பு எதுக்கு.

இதெல்லாம் மனசுல வச்சுத்தான் சித்தப்பாவுக்கு ஒண்ணு தயார் பண்ணிக் குடுத்தேன். ஆங்கிள் லைட்டு, 18650 ரெண்டு, 4500 கெல்வின்ல 90 சிஆர்ஐ எல்இடி, லென்ஸ்ல டிசி-ஃபிக்ஸ் ஸ்டிக்கர், 120 லூமன் கிட்ட செட் பண்ணி பூட்டிட்டேன், ஒரு செல்லே மூணு நாள் விடியக்காலத்துக்கு தாங்கும். ஒரு மாசம் கழிச்சு ஃபோன் பண்ணி எப்படி இருக்கு சித்தப்பான்னு கேட்டேன்.

"வெளிச்சம் அருமையா இருக்கு மக்கா, பட்டையில உள்ள நரம்பு வரைக்கும் தெரியுது. ஆனா பொத்தானு கடுகு மாதிரி இருக்குல்லா, கையில ரப்பர் பாலு ஒட்டியிருக்கும், தடவித் தடவிப் பாத்தாலும் எங்கன்னு தெரியல்ல. அந்த சார்ஜ் போடுற ஓட்டை மூடியிலயும் பாலு காய்ஞ்சு ஒட்டிப் பிடிச்சிட்டு, இப்ப செல்லக் கழட்டி வெளிய வச்சுத்தான் சார்ஜ் போடுகேன்."

இத்தன வருஷத்துல நான் பாத்த எந்த ஆசைப் பட்டியல்லயும் இந்த ரெண்டும் இருந்ததில்ல. அடுத்த தடவ ஊருக்குப் போகும்போது அந்த பட்டன் மேல ஒட்டுறதுக்கு சைக்கிள் டியூப் துண்டு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன், கண்ண மூடிக்கிட்டு தடவினாலும் விரலுக்கு தட்டுப்படுற மாதிரி கொஞ்சம் தடிமனா வெட்டணும்.